க்ரூப்பில் போடுவதற்கு முன்

ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸில் காலை மீட்டிங் முடிந்து டீ எடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா மகளிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. சென்னையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டாவது ஷிஃப்ட். மதியம் ஒன்றரைக்கு வகுப்பு தொடங்கும். திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் போய்வருகிறாள். இந்த வருடம் வகுப்புப் பிரதிநிதி வேறு.

"மாமா, ஒரு சின்ன டவுட்டு. டிபார்ட்மென்ட்ல இருந்து ஒரு இன்டர்ன்ஷிப் சர்க்குலர் எனக்கு அனுப்பியிருக்காங்க. ஆடிட்டர் ஆபீஸ். ரெண்டே ரெண்டு இடம்தான். முதல்ல வர்ற அப்ளிகேஷனைத்தான் பாப்பாங்களாம். கிளாஸ் க்ரூப்ல போடறதுக்கு முன்னாடி நான் அப்ளை பண்ணிட்டா, அது தப்பா?"

டீ ஆறிப்போகும்வரை நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதுதான் சந்தேகம். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவள் கல்லூரியில் சேர்ந்தபோது, "காலேஜை எப்படி மாமா முழுசா யூஸ் பண்ணிக்கறது?" என்று கேட்டாள். மென்பொருள் வேலையில் இருப்பவனிடம் இப்படிக் கேட்டால் என்ன செய்வான்? ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். ஆறு செமஸ்டர், ஆறு பத்தி. சி.ஏ. எழுதுவதானால் ஃபவுண்டேஷன் தேர்விலிருந்து போகலாம், அல்லது பி.காம். முடித்து 55 சதவீதம் வைத்திருந்தால் நேராக இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். எது வேண்டும் என்று முதல் வருடமே முடிவு செய். ஸ்வயம் தளத்தில் பாடங்கள் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். 'நான் முதல்வன்' திட்டத்தில் வரும் பயிற்சிகளைத் தூங்கிக்கொண்டே கடக்காதே. எக்செல், டேலி இரண்டும் கை பழக வேண்டும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எப்படித் தாக்கல் செய்கிறார்கள் என்று தெரு முனைக் கணக்கர் ஆபீஸில் உட்கார்ந்து பார். நூலகத்தில் பெயர் பதி. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'ஏன்' என்று ஒரு பத்தி.

அதில் பதினோராவது வரி: "வகுப்புப் பிரதிநிதி ஆகு." ஏன்? "செய்திகள் உனக்கு முதலில் வரும்."

இதை எழுதியவன் நான்.

*

'வாய்ப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம். வாய்ப்பது, அமைவது. "நல்ல மருமகள் வாய்ச்சிருக்கா" என்று பாட்டி சொல்வாள். தேடிப் பிடித்தேன், ஜெயித்தேன் என்ற தோரணை அதில் இல்லை. எங்கிருந்தோ வந்து பொருந்தியது என்ற வியப்புதான் இருக்கிறது. அந்தச் சொல்லோடு நாம் இன்று ஒட்டவைத்திருக்கும் வினை, பயன்படுத்திக்கொள். 'பயன்படுத்து' என்றால் வேறு. 'கொள்' சேர்ந்ததும் பயன் தன் பக்கம் திரும்புகிறது. "வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்" என்பது அறிவுரை. "என்னைப் பயன்படுத்திக்கிட்டான்" என்பது குற்றச்சாட்டு. இரண்டிலும் வினை ஒன்றுதான். வாய்ப்புக்கும் மனிதருக்கும் நடுவே எங்கோ ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டினோமா இல்லையா என்பது பெரும்பாலும் தாண்டிய பிறகுதான் தெரிகிறது.

ஆனால் அதே 'கொள்' இன்னொரு வேலையும் செய்யும். பேசிக்கொண்டோம், பகிர்ந்துகொண்டோம். அங்கே அது தன்னை நோக்கித் திரும்புவதில்லை, ஒருவருக்கொருவர் என்று ஆகிவிடுகிறது. அக்கா மகளின் கேள்வி இந்த இரண்டு 'கொள்'ளுக்கும் நடுவில்தான் மாட்டியிருந்தது.

கல்லூரியில் கிடைப்பவற்றில் பாதி, நான் எடுப்பதால் மற்றவருக்குக் குறையாதவை. ஆசிரியர் நடத்தும் பாடத்தை நான் நன்றாகக் கவனித்தால் பக்கத்தில் இருப்பவளுக்குப் பாடம் குறைந்துவிடாது. என் ஸ்ப்ரெட்ஷீட்டில் பெரும்பாலானவை அந்த வகை. அவற்றில் எவ்வளவு பேராசை வேண்டுமானாலும் படலாம். அறம் குறுக்கே வராது. மறுபாதி எண்ணிக்கைக்குள் அடங்கியது. இரண்டு இன்டர்ன்ஷிப், ஒரு பரிந்துரைக் கடிதம், வளாகத் தேர்வில் சில இடங்கள். இங்கே நான் எடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. "வாய்ப்புகளை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்" என்று மேடையில் பேசுபவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

*

இந்தக் கேள்வி புதிது இல்லை. கி.மு. 44-ல் சிசரோ 'கடமைகள்' பற்றி ஒரு நூல் எழுதினார். யாருக்கு என்பதுதான் வேடிக்கை. ஏதென்ஸில் தத்துவம் படித்துக்கொண்டிருந்த தன் மகன் மார்க்கஸுக்கு. வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு அப்பா அனுப்பிய நீண்ட அறிவுரை என்று அதைச் சொல்லலாம். அதன் மூன்றாம் பாகத்தில் ஒரு வியாபாரி வருகிறான். ரோட்ஸ் தீவில் பஞ்சம், தானியம் யானை விலை. அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒருவன் கப்பல் நிறைய தானியத்தோடு வந்து சேர்கிறான். வரும் வழியில் அவன் பார்த்திருக்கிறான்: இன்னும் பல வியாபாரிகள் தானியக் கப்பல்களோடு ரோட்ஸை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்கள். தீவு மக்களுக்கு இது தெரியாது. அவன் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் நல்ல விலைக்கு விற்றுக்கொள்ளலாமா?

சிசரோ இரண்டு ஸ்டோயிக் தத்துவவாதிகளை எதிரெதிரே நிறுத்துகிறார். பாபிலோனின் டயோஜெனிஸ் சொல்கிறார்: சரக்கில் குறையிருந்தால் சட்டப்படி சொல்லட்டும், பொய் சொல்லாமல் இருக்கட்டும், மற்றபடி தன் சரக்கை நல்ல விலைக்கு விற்பதில் என்ன பிழை? சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் மறுக்கிறார்: மனிதருக்குப் பயன்பட வேண்டியவன் நீ, உன் நலனும் பொது நலனும் ஒன்று என்றுதானே படித்தோம்? பக்கத்திலேயே உணவு இருப்பதை அவர்களிடம் மறைப்பாயா? சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம் சாய்கிறார். எல்லா மௌனமும் மறைப்பு ஆகாது. ஆனால் தெரிந்துகொள்வது பிறருக்கு நன்மை என்று தெரிந்தும் உன் லாபத்துக்காகச் சொல்லாமல் இருந்தால் அது மறைப்புதான் என்கிறார்.

நீதிமன்றம் அப்படிச் சாயவில்லை. 1815 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் ஆர்கன் என்ற வியாபாரிக்கு விடியற்காலையில் ஒரு செய்தி கிடைத்தது: பிரிட்டனோடு நடந்த போர் முடிந்து சமாதான ஒப்பந்தம் ஆகிவிட்டது. கடல் முற்றுகை நீங்கினால் ஏற்றுமதி தொடங்கும், புகையிலை விலை ஏறும். ஊருக்குச் செய்தி பரவுமுன் லெய்ட்லா நிறுவனத்திடம் போய்ப் புகையிலையைப் பேசி முடித்தார். விலை பிறகு 30 முதல் 50 சதவீதம் ஏறியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1817-ல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் சொன்னதன் சாரம்: தனக்குத் தெரிந்த வெளிச் சூழலை வாங்குபவர் விற்பவருக்குச் சொல்லியே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் ஏமாற்றும்படி எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது.

பி.காம். மாணவிக்கு மார்ஷல்தான் பிடிக்கும் என்று நினைத்தேன். அதில் நியாயமும் உண்டு. செய்தியைத் தேடி அலைபவனுக்கு ஒரு லாபமும் இல்லையென்றால் யார் அலைவார்கள்? ஆனால் அக்கா மகள் ஆர்கன் இல்லை. அவள் அலைந்து கண்டுபிடித்த செய்தி இல்லை அது. நாற்பது பேருக்குச் சொல்லச் சொல்லி அவள் கையில் கொடுக்கப்பட்டது. அவளுடைய படிப்பிலேயே இதற்கு ஒரு பெயர் உண்டு. கம்பெனிக்குள் இருப்பவர், ஊருக்கு இன்னும் வெளியாகாத, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய செய்தியை வைத்துக்கொண்டு பங்கு வாங்கினால் அது உள்வணிகம், இன்சைடர் டிரேடிங். செபி 1992-லேயே அதற்கு விதிகள் போட்டது, 2015-ல் அவற்றைப் புதுப்பித்தது. ஒருவர் கெட்டிக்காரத்தனமாகச் சம்பாதித்த செய்திக்கும் ஒரு பொறுப்பில் இருப்பதால் கைக்கு வந்த செய்திக்கும் சட்டம் வேறுபாடு பார்க்கிறது. தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவரும் வழியில் பிரித்துப் படித்துவிட்டு அந்த வேலைக்கு மனுப் போட்ட கதைதான் இது.

ஆக, அவளுக்குப் பதில் சுலபம். முதலில் க்ரூப்பில் போடு, அடுத்த நிமிடம் நீயும் அப்ளை பண்ணு. யாரும் உன்னைத் தியாகம் செய்யச் சொல்லவில்லை. எல்லோரும் நிற்கும் கோட்டில் நின்று ஓடு, அவ்வளவுதான்.

*

இனி இரண்டாவது காரணம்.

2009. நான் பொறியியல் கடைசி வருடம், கோவைக்கு அருகில். முந்தைய வருடம் லேமன் பிரதர்ஸ் விழுந்தது எங்களுக்கு ஒரு பொது அறிவுக் கேள்வியாகத்தான் முதலில் வந்தது. பிறகு வருடா வருடம் வரும் கம்பெனிகள் வராமல் போனபோதுதான் புரிந்தது. பிளேஸ்மென்ட் பலகையில் பழைய நோட்டீஸ்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

ஒரு வியாழக்கிழமை இரவு சீனியர் ஒருவர் போன் செய்தார். சனிக்கிழமை பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் எழுத்துத் தேர்வு, வெளி ஆட்களும் வரலாம், ஃபார்ம் கொஞ்சம்தான் இருக்கும், "ரெண்டு மூணு பேருக்கு மட்டும் சொல்லு" என்றார். நான் ஒருவனுக்கு மட்டும் சொன்னேன். அவனிடம் பைக் இருந்தது.

என் அறைத்தோழனுக்குச் சொல்லவில்லை. நான்கு வருடம் ஒரே அறை, ஒரே பக்கெட், மாதக் கடைசியில் ஒரே சோப்பு. எனக்கு சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாஸானதே அவன் விடியவிடியச் சொல்லிக்கொடுத்ததால். கணக்கில் என்னைவிடக் கெட்டி. அதனால்தான் சொல்லவில்லை. போனை வைத்ததும், "யாருடா இந்நேரத்துக்கு?" என்று கேட்டான். "வீட்ல இருந்து" என்றேன்.

மார்ஷலின் தீர்ப்பைப் பல வருடம் கழித்துப் படித்தபோது இந்த இடத்தில்தான் சிக்கினேன். சீனியர் எனக்குத் தனிப்பட்ட முறையில் சொன்ன செய்தி அது. நான் வகுப்புப் பிரதிநிதி இல்லை. சட்டப்படி நான் ஆர்கன் மாதிரிதான். சும்மா இருந்திருந்தால் மார்ஷல் என்னை விட்டிருப்பார். ஆனால் அவன் கேட்டான், நான் "வீட்ல இருந்து" என்றேன். மௌனத்துக்குப் பல நியாயங்கள் உண்டு. அந்தச் சின்னப் பொய்க்கு எந்த நீதிபதியிடமும் நியாயம் இல்லை. மௌனத்தின் சிக்கலே இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒரே அறையில் வாழும் இருவருக்கு நடுவே மௌனம் ரொம்ப நேரம் மௌனமாக இருக்க முடியாது. யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள், அது பொய்யாகிவிடும்.

தேர்வில் தேறினேன். சென்னையில் முதல் வேலை, அதிலிருந்து அடுத்தது, பெங்களூர், இந்த டீ, இந்த மீட்டிங் எல்லாம் அந்தச் சனிக்கிழமையிலிருந்துதான் வந்தவை. அவன் வந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்காதா? கிடைத்திருக்கலாம். இருவருக்குமேகூடக் கிடைத்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேன். மறைத்துப் பெறும் வாய்ப்பில் பேசப்படாத ஒரு நஷ்டம் உண்டு. அது நமக்குத் தகுதியால் கிடைத்ததா என்பதை நாம் எப்போதும் அறிய முடியாது. வேலையில் யாராவது பாராட்டினால் எனக்குள் ஒருவன் இன்னும் சந்தேகமாகத்தான் தலையாட்டுகிறான்.

*

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது எனக்கே ஒரு கோபமும் வந்தது. அக்கா மகளின் வகுப்பில் ஓர் ஆடிட்டரின் மகனும் இருக்கிறான். அவனுக்கு சர்க்குலர் தேவையில்லை. எந்த ஆபீஸில் ஆள் தேவை, ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இரவுச் சாப்பாட்டில் ரசத்தோடு சேர்ந்து வந்துவிடும். அவன் அதை க்ரூப்பில் போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. என் அக்கா தையல் மெஷின் வைத்திருக்கிறாள். மாமா லாரி ஓட்டுகிறார். அந்த வீட்டு மேசையில் என்ன செய்தி வரும்? வாழ்க்கையில் முதல் தடவை ஒரு செய்தி இவளுக்கு அரை மணி நேரம் முன்னால் வந்திருக்கிறது. அப்போது மட்டும் சிசரோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டுமா?

1973-ல் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரர்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது என்று அதில் காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி தள்ளி நிற்பவரிடம்தான் இருக்கும். அமர்த்திய சென் 1979-ல் ஓர் உரையில் வேறொன்றைக் கேட்டார்: எல்லோருக்கும் ஒரே பொருளைக் கொடுத்துவிட்டால் சமம் ஆகிவிடுமா? அதைக்கொண்டு ஒவ்வொருவராலும் என்ன செய்ய முடிகிறது என்றல்லவா பார்க்க வேண்டும்? கல்லூரி வாசல் எல்லோருக்கும் ஒன்றுதான். உள்ளே போனதும் யாருக்கு யாரைத் தெரியும் என்பதில் வாசல்கள் பலவாகிவிடுகின்றன.

இந்தக் கோபத்தோடு அன்று முழுக்க இருந்தேன். மதியம் ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருந்தேன். இரண்டு புரோகிராம்கள் ஒரே இடத்தில் எழுதப் போட்டியிட, எது முந்துகிறதோ அதைப் பொறுத்து விடை மாறும் பிழை அது. ரேஸ் கண்டிஷன் என்போம். யார் முந்தினார்கள் என்பது தகுதியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோதுதான் எளிய ஒரு விஷயம் உறைத்தது. ஆடிட்டர் மகன் அந்த க்ரூப்பைப் பார்ப்பதே இல்லை. அவள் முந்திக்கொண்டால் தோற்கப்போவது அவன் இல்லை. சர்க்குலரைத் தவிர வேறு வழியில்லாதவர்கள்தான் தோற்பார்கள். அவளோடு அதே ரயிலில் நிற்க இடமில்லாமல் வருகிறவர்கள். மேலே இருப்பவனிடம் தீர்க்க வேண்டிய கணக்கைப் பக்கத்தில் இருப்பவளிடம் தீர்ப்பது நியாயம் ஆகாது. 2009-ல் நானும் அதைத்தான் செய்தேன். கம்பெனிகள் வராமல் போனதற்கு என் அறைத்தோழனிடம் வசூலித்தேன்.

குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் வரிசையாக வருகின்றன. வாய்ப்பைப் பற்றிப் பேச அதைவிட நல்ல வரிசை இல்லை. ஆனால் அவை அரசனுக்கு, எதிரியை எதிர்கொள்ளப்போகிறவனுக்குச் சொன்னவை. பக்கத்து பெஞ்சில் இருப்பவள் எதிரி இல்லை என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால்தான் அந்த அறிவுரை கல்லூரிக்குள் பொருந்தும்.

*

இரவு நீளமாக ஒரு பதில் தட்டி அனுப்பினேன். சிசரோ, செபி எல்லாம் இருந்தது. இரண்டு நிமிடத்தில் வாய்ஸ் நோட் வந்தது.

"போட்டுட்டேன் மாமா. உங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். போட்டுட்டு வயிறு எரியுது. அதான் கேட்டேன்."

நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. நடக்கவில்லை. அவளும் அப்ளை செய்தாள், கிடைக்கவில்லை. க்ரூப்பில் பார்த்து விண்ணப்பித்த வேறு இரண்டு பேருக்குப் போனது. அக்கா எனக்குப் போன் செய்து, "நீதான் ஏதோ சொல்லி அவளைக் கெடுத்தியா?" என்று கேட்டாள். இல்லை, அவள் என்னைக் கேட்காமலேதான் செய்தாள் என்றேன். அந்தப் பெருமையில் எனக்குப் பங்கு இல்லை.

அந்த வாரக் கடைசியில் என் அறைத்தோழனுக்குப் போன் செய்தேன். எலக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருக்கிறான். தீபாவளி, பொங்கல் வாழ்த்தைத் தாண்டிப் பேசி வருடங்கள் ஆகிவிட்டன. சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன்.

"அந்த டெஸ்டா? பைக்காரன் எனக்கு அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டான்டா" என்றான்.

"அப்புறம் ஏன்டா வரல?"

"சனிக்கிழமை காலைல நீ எழுப்புவேன்னு படுத்திருந்தேன். முழிச்சுட்டுத்தான் இருந்தேன். நீ ஷூவைக் கையில தூக்கிட்டு சத்தமில்லாம போன. நீ கூப்பிடாம எப்படிடா வர்றது?"

எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. அவனே கொஞ்ச நேரம் கழித்து, பையனை அடுத்த வருடம் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பேச ஆரம்பித்தான். மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். அவன் அதை வாங்கிக்கொண்டானா என்பது எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கு இல்லை.

ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தேன். பதினோராவது வரியை அழிக்கவில்லை. வகுப்புப் பிரதிநிதி ஆவது நல்லதுதான். 'ஏன்' என்ற பத்தியில் இருந்ததை மட்டும் அழித்துவிட்டு, "செய்திகள் உன் வழியாகப் போகும்" என்று எழுதினேன்.

போன வாரம் அக்கா மகளிடம் பேசினேன். இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்களில் ஒருத்தி ஆவடியில் ஏறுகிறாளாம். வவுச்சர் எப்படிச் சரிபார்ப்பார்கள், பேங்க் ஸ்டேட்மென்டோடு கணக்கை எப்படி ஒத்துப்பார்ப்பார்கள் என்று அன்றன்று கற்றதை ரயிலில் இவளிடம் சொல்லிக்கொண்டு வருகிறாளாம்.

"வயிறு எரியறது நின்னுடுச்சா?" என்று கேட்டேன்.

"பாதி நின்னுடுச்சு, மாமா."